காதிலே கேட்கும் நாடி

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)



விழாச் செயலாளர் எம்மிடம் வந்து, "பல்கலைக்கழகத்துப் பிள்ளை; இலக்கியத் தலைப்பிலே ஏதேனும் பேசலாமே" என்றார். நாமும் இசைந்து, சிலம்பிலே பெண்மை என்று ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டோம். அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சாகியிருக்கிறது. அதைப் பேசப்போவதில்லை என்பதை முதலிலேயே கூறி மன்னிப்புக் கேட்டுக்கொள்கின்றோம். தம்பிலுவிலிலே கண்ணகையம்மன் கோயில் கொண்டிருக்க, சிலம்பொலியைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியது யாதுமில்லை. மூன்றாண்டுகளுக்கு மேலாக இரவும் பகலும் எமது இடச் செவியிலே ஒலித்துக்கொண்டிருக்கும் வேறோர் ஒலியைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றோம்.

தலைப்பை மாற்றியதற்குக் காரணம் உண்டு. சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்தபோது இப்பகுதிப் பிள்ளை ஒருத்தி எம்மைத் தனியே கண்டு, "அக்கா, உங்களுக்கும் காதுக்குள்ள சத்தம் கேக்குமாமே? எனக்கும் கேக்குது. வீட்டில சொல்லயில்ல. சொன்னா விசர் எண்டு நினைப்பாங்க" என்றாள். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. நாமும் பதினொரு மாதம் அவ்வாறே வாய் மூடியிருந்தவர்கள் அன்றோ!

முதலில் அவ்வொலி எத்தகையது என்று சொல்லிவிடுகின்றோம். வீட்டு முற்றத்திலே அம்மா சுளகெடுத்து அரிசி புடைக்கும்போது 'சுர்... சுர்...' என்று ஓசை எழுகிறதல்லவா? அதுவே. நாம் அமைதியாய் இருக்கும்போது அது மெல்லப் புடைக்கும். மாடிப்படி ஏறினால் விரைந்து புடைக்கும். ஒரு முறை நாடி அடித்தால் ஒரு முறை ஒலிக்கும். காதிரைச்சல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது வேறு. அது வண்டு ரீங்கரிப்பது போலவோ, சங்கு ஊதுவது போலவோ இடைவிடாது ஒரே சீராக இருப்பது. முதுமையினாலும் பெருஞ்சத்தத்தினாலும் உட்காது பழுதுறுவதாலே பெரும்பாலும் வருவது. இச்சபையிலே எத்தனையோ தாத்தாமாருக்கு அது இருக்கும். எமக்கு உள்ளதோ துடிப்போடு சேர்ந்து ஒலிப்பது. முன்னையதிலே வெளியேயோ உள்ளேயோ ஒலியொன்று உண்மையில் எழுவதில்லை. காதும் மூளையும் அதை உண்டாக்கிக்கொள்கின்றன. பின்னையதிலே பெரும்பாலும் மெய்யான ஓர் ஒலி உடலுக்குள்ளே எழுகின்றது. இந்த ஒரு வேறுபாட்டை நீங்கள் நினைவிற் கொண்டுபோனால், தலைப்பை மாற்றிய குற்றத்தை நீங்கள் பொறுத்ததாகக் கொள்வோம்.

அவ்வொலி ஏன் எழுகிறது? சாகாமக் குளத்து வாய்க்காலைப் பாருங்கள். அகன்ற இடத்திலே நீர் நிறைந்து ஓசையின்றிப் போகும். துரிசு வாயிலே ஒடுங்கிப் பாயும்போது இரையும். குருதியும் அவ்வாறே. காதுக்கு அண்மையிலே செல்லும் குழாய் ஒடுங்கினாலும், குருதிச்சோகையினால் குருதி மெலிந்து விரைந்து ஓடினாலும், தைரொயிட்டுச் சுரப்பி மிகுதியாய்ச் சுரந்து இதயத்தை விரட்டினாலும், மண்டைக்குள்ளே அமுக்கம் கூடினாலும், நாடியும் நாளமும் இருக்கக்கூடாத இடத்தில் ஒன்றோடொன்று இணைந்துவிட்டாலும் அந்த இரைச்சல் காதுக்கு எட்டும். அவற்றுட் சில எளிதிலே தீர்வன. சில உயிரை வாங்குவன. எது என்று அறியாமல் எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பதுதான் தவறு. நாம் எண்ணெய்தான் விட்டோம்.

2021ஆம் ஆண்டிலே, உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்திலே, எமது விரல் மூட்டுக்கள் வீங்கத் தொடங்கின. காலையிலே தலை பின்ன விரல் மடங்காது. மாலையானால் மெல்லிய காய்ச்சல். கிணற்றிலே நாலு வாளி அள்ளுவதற்குள் இடக்கை ஈயமாய்க் கனத்துத் தொங்கிவிடும். சற்று நின்றால் தேறும். மூட்டுவாதம் என்று மருந்து தந்தார்கள். அடுத்த ஆண்டு பங்குனியிலே நாடெங்கும் மின்வெட்டு. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு நாளிரவு மின்சாரம் நின்றது, மின்விசிறி நின்றது, அயல் வீட்டு வானொலியும் நின்றது. அந்த அமைதியிலே யாரோ சுளகு புடைத்தார்கள். எழுந்து முற்றத்திலே போய்ப் பார்த்தோம். அம்மா உறங்கிக்கொண்டிருந்தார். சுளகு சுவரிலே சாத்தியபடி இருந்தது.

பதினொரு மாதம் கழித்து வாய் திறந்தபோது கிடைத்த விடைகள் பலவகை. ஒரு வைத்தியசாலையிலே காதுக் குரும்பி என்று கழுவினார்கள். மற்றோரிடத்திலே பரீட்சைப் பயம் என்று உறக்கத்துக்குக் குளிசை தந்தார்கள். மூன்றாவது இடத்திலே, "இவ்வளவு படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படித்தான்" என்று சிரித்தார்கள். எவரும் தீங்கு நினைத்தவரல்லர். நூறு பேர் காத்து நிற்கும் வரிசையிலே எமக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். ஆயினும் அம்மூன்றிடத்திலும் எமது காதுக்குள்ளே பார்த்தார்களேயன்றிக் கேட்டவர் இலர்.

எமக்குப் பெரியப்பா முறையான ஒருவர், சிவபூசை தவறாத பெரியவர், வேறொரு விளக்கம் தந்தார். யோகியர் செவியிலே கேட்கும் அகநாதம் இது. இளவயதிலே வாய்த்தது முன்வினைப் பயன் என்றார். அவர் வார்த்தையிலே இருந்த அன்பை நாம் இன்றும் போற்றுகின்றோம். ஆனால் அடியேமுக்கு ஓர் ஐயம். அகநாதமாயின் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது அதுவும் கூட ஓடுவானேன்? யோகியர் எவரும் வாளி தூக்கி நாதம் பெருக்கியதாகக் கேட்டதில்லை. (பெரியப்பா முன்வரிசையிலே சிரிக்கின்றார், ஆதலால் தொடர்கின்றோம்.) காரைதீவிலே 1892இல் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பள்ளிகளிலே பயின்று, துறவு பூண்ட விபுலாநந்த அடிகள், நரம்பிலே பிறக்கும் ஒலியைக் கணக்கிட்டு அளந்து 1947இல் யாழ்நூல் தந்தார். ஒலியைத் தெய்வமென்று வணங்கிய துறவியே அதை எண்ணாலும் அளந்தார். மிஷன் பள்ளியிலே படித்த நாமும் எமது செவியொலிக்குக் கணக்குக் கேட்பது பக்திக்குப் பழுதாகாது என்று துணிந்தோம்.

அக்கணக்கை முதலிலே கண்டுபிடித்தவர் யார் என்று நினைக்கின்றீர்கள்? எம்மூர்ப் பரிகாரியார் ஒருவர். மூட்டு வீக்கத்துக்கு எண்ணெய் வாங்க அம்மா எம்மை அழைத்துப் போனார். அவர் பழைய முறைக்காரர். நாடி பாராமல் எண்ணெய் தரமாட்டார். ஆடவர்க்கு வலக்கை, பெண்டிர்க்கு இடக்கை என்பது அவர்கள் மரபு. எமது இடக்கை மணிக்கட்டிலே மூன்று விரலை வைத்தார்; கண்ணை மூடினார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. விரலை மாற்றி வைத்தார். பிறகு வலக்கையைப் பிடித்தார், மீண்டும் இடக்கை. முகம் மாறிவிட்டது. "இந்தக் கையில நாடி இல்ல பிள்ளை. இது என்ட கைக்குள்ள அடங்கிற வேலையில்ல. நாளைக்கே பெரியாசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். எண்ணெயும் தரவில்லை, காசும் வாங்கவில்லை.

இரண்டு ஆண்டுகளாக எத்தனை தடவை எமது குருதியமுக்கத்தை அளந்திருப்பார்கள்! ஒவ்வொரு முறையும் வலக்கையிலேயே அளந்தார்கள். மேசைக்கு அருகே இருந்தது அக்கை. மரபினாலே இடக்கையைத் தொட்டவர் ஒருவரே கண்டுகொண்டார். நாட்டு வைத்தியம் உயர்ந்தது, ஆங்கில வைத்தியம் தாழ்ந்தது என்று நாம் சொல்லவரவில்லை. பரிகாரியாரே அவ்வாறு சொல்லார். தன் கைக்கு அடங்காததை அடங்காது என்று சொன்னாரே, அதையே பெரிதும் மதிக்கின்றோம்.

மறுநாள் எம்மைப் பார்த்தவர் கல்முனைப் பக்கத்து இளம் முஸ்லிம் வைத்தியர். இரு கைகளிலும் குருதியமுக்கம் பார்த்தார்; வெகுவாக வேறுபட்டது. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து இதயத்தைக் கேட்டார். பின் காறையெலும்பின் மேல் வைத்தார். பின் இடப்பக்கக் கழுத்திலே வைத்து, "தங்கச்சி, கொஞ்சம் மூச்சைப் பிடிங்க" என்றார். அறையெங்கும் அமைதி. எமக்கு வழக்கம்போலச் சுளகு புடைத்துக்கொண்டிருந்தது. அப்போது அவருடைய இடக்கை விரலொன்று மேசையிலே மெல்லத் தட்டத் தொடங்கிற்று. டக்... டக்... டக். எமது காதுக்குள்ளே கேட்ட அதே தாளம்! ஒன்றுகூடப் பிசகவில்லை. "கேக்குதா டொக்டர்?" என்றோம். "கேக்குது" என்றார்.

சபையோரே, அந்த ஒரு சொல்லுக்கு நாம் அழுதோம். நோய் பெரிதென்று அப்போதே விளங்கிவிட்டது, அதற்காக அழவில்லை. எம்மைத் தவிர இன்னொருவருக்கும் அது கேட்டது.

மட்டக்களப்பு வாவியிலே பாடும் மீனைக் கேட்கும் முறை பெரியவர்களுக்குத் தெரியும். தோணியிலே இருந்தபடி வெறுங்காதாற் கேட்டால் நீரின் சலசலப்பே கேட்கும். துடுப்பை நீருக்குள்ளே இறக்கி மறுமுனையைக் காதிலே வைத்தால் அடியிலிருந்து எழும் நாதம் தெளியும். ஸ்டெதஸ்கோப்பும் அத்தகையதொரு துடுப்பே. 1816இலே பாரிஸ் நகரத்து வைத்தியர் லெனெக் என்பவர், ஓர் இளம்பெண்ணின் மார்பிலே காதை வைத்துக் கேட்க நாணி, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். வெறுங்காதிலும் தெளிவாய்க் கேட்டதாம். அன்றிலிருந்து வைத்தியர் கழுத்திலே துடுப்புத் தொங்குகிறது. நோயாளியின் கழுத்துக்கு அது வந்து சேர்வதற்குத்தான் சில வேளை இரண்டாண்டு பிடிக்கிறது.

பின்பு குருதிச் சோதனை, சி.ரி. ஸ்கான், கொழும்புப் பயணம் எல்லாம் நடந்தேறின. அவற்றைச் சொல்லி உங்களைக் களைப்பிக்கமாட்டோம். நோயின் பெயர் தக்கயாசு நாடியழற்சி. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியும் அதன் பெருங்கிளைகளும் அழற்சியடைந்து, சுவர் தடித்து, உள்வழி ஒடுங்கும் நோய். பள்ளியிலே விஞ்ஞானப் பாடத்தில் நாடி என்றால் குருதிக் குழாய் என்று படித்தோம். பரிகாரியார் நாடி என்றால் துடிப்பு என்கின்றார். எமது நோயிலே இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டன. குழாய் ஒடுங்கியதால் கையிலே துடிப்பு மறைந்தது. கழுத்திலே குழாய் ஒடுங்கியதால் காதிலே துடிப்பு ஒலித்தது. கையிலே தொலைந்த நாடி காதிலே வந்து நின்றது!

மிக்கிதோ தக்கயாசு என்பவர் யப்பானிய தேசத்துக் கண் வைத்தியர். இளம்பெண் ஒருத்தியின் கண்ணின் உள்ளே, குருதிக் குழாய்கள் மாலை கட்டியதுபோல வளையமாய்ப் பின்னியிருப்பதைக் கண்டு 1908இலே வெளியிட்டார். அவருடைய சகவைத்தியர் இருவர், தாம் கண்ட அத்தகைய நோயாளருக்கு மணிக்கட்டிலே நாடி இல்லை என்று கூறினர். நாடியில்லா நோய் என்றும் பின்னர் இதற்குப் பெயர் வழங்கலாயிற்று. ஆசிய நாட்டவரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களையே மிகுதியும் பற்றுகிறது. கண் வைத்தியர் கண்ணைப் பார்த்தார், மற்றவர் கையைப் பார்த்தார். இருவரும் ஒரே மேடையிலே பேசிக்கொண்டமையாலேயே நோய் பிடிபட்டது. எமக்கோ காதுக்கு ஒரு கிளினிக், மூட்டுக்கு ஒரு கிளினிக். இரண்டு கொப்பிகளும் ஒன்றையொன்று கண்டதே இல்லை.

அரிய நோய்தான், ஆனால் அநாதை நோயன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் வேலூரிலே, அமெரிக்க மிஷன் குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இலே சிறு மருந்தகமாய்த் தொடங்கியது இன்று பெரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் நிற்கிறது. அங்குள்ள மூட்டு நோய் வைத்தியர் தெபாஷிஷ் தண்டா முதலானோரும் லக்னோ நகரத்து வைத்தியரும் சேர்ந்து, இந்நோய் உடலுக்குள்ளே எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்று மதிப்பிட ஓர் அளவுகோலை வகுத்தனர். 2010 என்ற ஆண்டெண்ணையே பெயரிற் கொண்ட அவ்வளவுகோல் இந்தியாவின் பெயரால் வழங்குகிறது. அதிலே கேட்கப்படுவனவற்றுட் பல எளியவை: நாடி குறைந்ததா? கழுத்திலே இரைச்சல் கேட்கிறதா? இரு கை அமுக்கமும் ஒத்திருக்கின்றனவா? விரலும் துடுப்பும் போதும்.

ஏன் வருகிறது என்றால், வேலியே பயிரை மேய்வதால் வருகிறது. கிருமியை எதிர்க்க உடலிலே அமைந்த காவற்படை, தன் உடலையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. மூட்டைத் தாக்கினால் மூட்டுவாதம். தைரொயிட்டைத் தாக்கினால் கழுத்து நோய். குழாய்ச் சுவரைத் தாக்கினால் எமது நோய். ஓரிடத்திலே மேய்ந்த மாடு அடுத்த வயலையும் எட்டிப் பார்க்கும். ஆதலால் இத்தகைய நோய் ஒன்றுள்ளவர்க்கு மற்றொன்றும் வருவதுண்டு. கூடவே நெடுநாள் அழற்சியினால் குருதிச்சோகை வந்து, காதொலியை இன்னும் உரக்கச் செய்யும். எமக்கு அதுவும் இருந்தது. சோகை தீர்ந்தபோது சுளகு பாதியளவு அடங்கிற்று.

மருந்து உண்டு. 1948இலே அமெரிக்காவிலே ஹென்ச் என்ற வைத்தியர், முடங்கிக் கிடந்த மூட்டுவாத நோயாளி ஒருத்திக்குக் கோட்டிசோன் கொடுக்க, அவள் சில நாளிலே எழுந்து நடந்தாள். 1950இலே அவருக்கும் இருவருக்குமாக நோபல் பரிசு கிடைத்தது. நாம் உட்கொள்ளும் பிரெட்னிசலோன் அந்தக் குலத்தைச் சேர்ந்தது. அருமருந்து, அடங்காத குதிரையுங்கூட. முகம் பூசணிக்காய்போல் ஊதும். கலியாண வீட்டிலே, "கம்பஸ் சாப்பாடு நல்லா ஒத்துக்கொண்டிருக்கு" என்பார்கள். உப்பைக் குறைக்க வேண்டும். கருவாட்டுக்குப் பேர்போன கரையிலே பிறந்து கருவாட்டை விட்டவரின் துயரத்தை இச்சபைக்கு விளக்க வேண்டியதில்லை.

இனிச் சொல்வது எமது பிழை. 2023ஆம் ஆண்டு ஐப்பசியிலே கந்தசஷ்டி விரதம் வந்தது. சித்திர வேலாயுதர் சந்நிதியிலே ஆறு நாளும் இருப்பதென்று நேர்ந்துகொண்டோம். விரத நாளிலே மருந்து எதற்கு, முருகன் பார்த்துக்கொள்வான் என்று குளிசை அனைத்தையும் நிறுத்தினோம். வைத்தியரைக் கேட்கவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் கோயில் வீதியிலே எழுந்து நிற்க முயன்றவர் நிலத்திலே கிடந்தோம். 1990 அம்புலன்ஸ் வந்தது. குருதியமுக்கம் அளவுக்கு மீறி வீழ்ந்திருந்தது. மாதக்கணக்காக ஸ்டீரொயிட் உட்கொண்டால், சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி, 'வெளியிலிருந்து வருகிறதே' என்று தன் தொழிலைக் கைவிட்டுவிடுமாம். நாம் திடீரென நிறுத்தியபோது வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் சுரக்கவில்லை. இன்னும் சில மணி தாமதித்திருந்தால் இன்றைய உரையை வேறொருவர் வேறு தலைப்பிலே நிகழ்த்தியிருப்பார். முருகன் பார்த்துக்கொண்டான் என்றே அம்மா சொல்கின்றார். அம்புலன்ஸ் எண்ணை அறிந்த ஒரு தம்பியை அவ்விடத்திலே நிறுத்தியதும் அவனேயாகலாம்.

வாட்டிலே எமக்கு அடுத்த கட்டிலிலே அக்கரைப்பற்றுச் சகோதரி ஒருத்தி. அவளுக்கு மூட்டுவாதம், எம்மைப் போலவே குளிசைக்காரி. எமது கதையைக் கேட்டு வியந்துபோனாள். அவள் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் போய், எந்தக் குளிசையை சஹருக்கு, எதை நோன்பு துறந்தபின் என்று எழுதி வாங்கிக்கொள்வாளாம். "பிடிக்க வேணாம் எண்டு டொக்டர் சொன்னா நான் பிடிக்கமாட்டன். நோயாளிக்கு மார்க்கத்தில சலுகை இருக்கு" என்றாள். எமது சமயத்திலும் நோயாளி உடலை ஒறுத்து நோற்க வேண்டுமென்று எவரும் எமக்குக் கற்பித்ததில்லை. கேட்கத்தான் எமக்குத் தோன்றவில்லை. இப்போது நாமும் எழுதி வாங்குகின்றோம். கந்தசஷ்டிக்கு ஒருவேளை உணவும் மூன்றுவேளை சந்நிதியும் எமது விரதம்.

மற்றொரு குளிசை மெதொட்ரெக்சேற். அதை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொண்டு மாண்டவர் உலகிலே உண்டு. மருந்துக்கடை ஒன்றிலே உறையின்மேல் 'தினம் ஒன்று' என்று எமக்கு எழுதித் தந்தார்கள். ஆங்கிலத் துண்டைப் படிக்கத் தெரிந்ததால் தப்பினோம். எமது அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தால்? வெள்ளிக்கிழமைக் குளிசை என்று இப்போது வீட்டிலே அதற்குப் பெயர். தமிழிலே சொல்லித் தரும்படி வைத்தியரைக் கேட்க நாணாதீர்கள். மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, நூல்களையும் தமிழிலே பெயர்த்தார். உறையின்மேல் ஒரு வரி எழுதுவது இன்று அவ்வளவு அரிதா?

இரவுகளைப் பற்றிச் சிறிது. குழாய் ஒருமுறை தடித்து ஒடுங்கினால் மருந்தினாலே முற்றும் பழைய நிலைக்கு வருவதில்லை. ஆதலால் எமது சுளகு இன்னும் ஓயவில்லை. பேராதனையிலே விடுதி அறை மலைச்சாரலிலே. இரவு பத்து மணிக்குமேல் இலை விழுந்தாலும் கேட்கும் அமைதி. மற்றவருக்கு அது சொர்க்கம். எமக்கு அங்கே காதுக்குள்ளே ஓர் அரிசி ஆலை. முழு அமைதியைத் தேடாதீர்கள், மெல்லிய ஒலி ஏதேனும் அருகிலே இருக்கட்டும் என்று வைத்தியர் சொன்னார். மின்விசிறி, தாழ்ந்த குரலிலே வானொலி, வலப்பக்கம் சரிந்த படுக்கை என்று பழகிக்கொண்டோம். உறங்காத இரவுகளிலே அதனோடு சண்டையிட்டது போய், இப்போது எண்ணுகின்றோம். இருநூறுக்கு மேல் எண்ணியதாக நினைவில்லை.

ஊருக்கு வந்தால் அந்தத் துன்பமும் இல்லை. எமது வீடு கடலுக்கு அண்மையிலே. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இலே அந்தக் கடல் இக்கரைக்குச் செய்ததை நாம் அறியோம், அப்போது கைக்குழந்தை. அம்மா அறிவார். அதன் பின் பலகாலம் அலையொலி கேட்டால் அவருக்கு உறக்கம் வராது. கடற்பக்கச் சன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார். எமது நோய் தெரிந்த பின்பு ஒருநாள், கேளாமலே அந்தப் பலகையைக் கழற்றினார். அலையொலி உள்ளே வர, சுளகு அதனுள்ளே மறைந்து, நாம் உறங்கினோம். அம்மா விழித்திருந்தார்.

அந்த அம்மாவோடு எமக்கு உள்ள வழக்கு ஒன்றே ஒன்று. கிளினிக் கொப்பியைச் சேலை அலுமாரிக்குள்ளே, பட்டுச் சேலைகளுக்கு அடியிலே மறைத்து வைத்திருக்கின்றார். பெண் பார்க்க வருவோர் அறியலாகாதாம். அன்னையரே, உங்கள் அச்சம் எமக்கு விளங்காமலில்லை. வெள்ளிக்கிழமைக் குளிசையை உட்கொள்ளும் காலத்திலே ஒரு பெண் கருவுற்றால் சிசுவுக்குக் கேடு. வைத்தியர் சொல்லி, மாதக்கணக்கிலே முன்பே நிறுத்தி, மருந்தை மாற்றி, அதன்பின் பிள்ளை பெற்றவர் பலர் உளர். ஆனால் மறைத்து மணம் முடித்தவள் எதை, யாரிடம் சொல்லி நிறுத்துவாள்? மறைக்கும் கொப்பி இரண்டு உயிரை மறைக்கிறது. இன்று இம்மேடையிலே பேசிவிட்டதால் இனி அலுமாரியிலே மறைக்க ஒன்றுமில்லை. அம்மா, கோபிக்காதீர்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அமர்கின்றோம். துடிப்போடு ஒலிக்கும் சத்தம் காதிலே கேட்டால் அதைக் காது வருத்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாடியோடு சேர்ந்து அடிக்கிறது என்று சொல்லுங்கள். கழுத்திலே வைத்துக் கேட்கும்படியும், இரு கையிலும் அமுக்கம் பார்க்கும்படியும் பணிவாகக் கேளுங்கள். கூடவே கடுந்தலையிடி, கண் மங்கல், ஒருபக்கம் சோர்தல் இருந்தால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே போங்கள். கழுத்தைத் தாமே அழுத்திச் சோதிப்பதை விட்டுவிடுங்கள். அது வைத்தியர் வேலை.

பதினாறு வயதுத் தங்கையின் பெயரை நாம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். அவள் இச்சபையிலே இருக்கின்றாளோ அறியோம். அவளுக்கு எமது நோய்தான் என்றும் கொள்ளவேண்டாம். வெறும் சோகையாயிருந்து இரும்புக் குளிசையோடு தீர்ந்தும் போகலாம். வருகின்ற செவ்வாய்க்கிழமை எமக்குக் கிளினிக். விடிகாலை ஐந்தரை பஸ்ஸிலே போகின்றோம். சாரதிக்குப் பின்னாலுள்ள ஆசனம். என்ஜின் சத்தத்திலே அங்கே ஒன்றும் கேட்காது. பக்கத்து இடத்தைப் பிடித்து வைத்திருப்போம்.